கம்பனியின் சட்டத்தரணியா, முதலாளியின் சட்டத்தரணியா?

கேள்வி:

நான் கொழும்பில் நான்கு வருடமாகச் சட்டத்தரணியாக இருக்கிறேன். சட்டக் கல்லூரியில் தமிழ் மொழிமூலம் படித்தவள். புதுக்கடையில் ஒரு சீனியரிடம் காணி வழக்கு, காசு அறவிடும் வழக்கு, இடையில் நொத்தாரிசாகக் காணி உறுதி எழுதுவது என்று நாட்கள் போகின்றன. இப்போது மருதானையில் உள்ள ஒரு மென்பொருள் கம்பனி என்னைச் சட்ட அலுவலராக வரச்சொல்லிக் கேட்கிறது. அதன் பிரதம நிறைவேற்று அதிகாரி (சீஈஓ) என் அண்ணாவோடு படித்தவர். "தங்கச்சி, நீங்க எனக்கு லோயரா இருந்தாப் போதும், மிச்சத்தைப் பழகிக்கொள்ளலாம்" என்கிறார். சம்பளம் இப்போது கிடைப்பதைப்போல இரண்டு மடங்கு. ஒரு சதவீதப் பங்கும் தருவதாக வாயால் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோடிங் தெரியாது. ஆங்கிலத்தில் ஒப்பந்தம் எழுதப் பயம். அப்பாவோ "கோர்ட்டை விட்டுப் போனால் திரும்பி வர ஏலாது" என்கிறார். போகலாமா?

வாசகி, வெள்ளவத்தை

பதில்:

தங்கச்சி, போகலாம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு விஷயம் உங்களுக்கும் அவருக்கும் இடையில் தெளிவாக வேண்டும். அதை நீங்கள் கேள்வியாகக் கேட்கவில்லை, அவர் சொன்னதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். "எனக்கு லோயரா" என்றாராம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்களைப் பயப்படுத்துகிற சின்ன விஷயங்களை முடித்துவிடுவோம்.

கோடிங் தேவையில்லை. எனக்கும் தெரியாது, இத்தனை காலத்தில் ஒரு கட்சிக்காரரும் அதைக் கேட்டதில்லை. அந்தக் கம்பனி எதை விற்கிறது, யாருடைய தகவலை வைத்திருக்கிறது, அந்தத் தகவல் எந்த நாட்டுச் சேர்வரில் கிடக்கிறது என்பவைதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். சேர்ந்த முதல் வாரமே ஒரு பொறியியலாளரைக் கன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய், "ஒரு வாடிக்கையாளர் பட்டனை அமத்தினால் அவருடைய தகவல் எங்கெங்கே போகும்? ஒரு தாளில் கீறிக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். அவர்களுக்கு அது பிடித்த வேலை, சந்தோசமாகக் கீறுவார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். காசு கட்டிப் படிக்கும் எந்தச் சான்றிதழ்ப் படிப்பையும்விட அது உதவும்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஒரு திறமை இந்த வேலைக்கு எவ்வளவு பொருந்தும் என்று நீங்கள் யோசிக்கவில்லை போல. ஒருவர் காணி வாங்க வந்தால் நீங்கள் பதிவகத்தில் முப்பது வருடம் பின்னோக்கித் தேடுகிறீர்கள். நடுவில் ஒரு சகோதரி கையெழுத்து வைக்காமல் விட்டிருந்தால் அந்தக் கொடுக்கல் வாங்கல் அங்கேயே நிற்கிறது. மென்பொருளின் உரித்தும் அப்படித்தான். 2009இல் லண்டன் பங்குச் சந்தை நம் மலபேயில் இருந்த மிலேனியம் ஐடி நிறுவனத்தை 30 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அப்படியொரு வாங்குநர் வரும்போது, சின்னக் கம்பனியாக இருந்தாலும், அவருடைய சட்டத்தரணிகள் ஆரம்பத்திலேயே கேட்பது "இந்த மென்பொருளை எழுதியது யார், அவர் தன் உரிமையைக் கம்பனிக்கு எழுதிக் கொடுத்த தாள் எங்கே" என்பதைத்தான்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஊழியர் ஒருவர் தன் வேலையின்போது ஆக்கியதன் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், தொழில்தருநருக்குத்தான். ஆகவே சம்பளப் பட்டியலில் இருப்பவர்களால் பெரிய தலையிடி வராது. பிரச்சினை வெளியில் இருந்தவர்களால் வரும். கம்பனி பதிவதற்கு முன்பே, ஸ்தாபகர்கள் இரண்டு பேர் வீட்டில் இருந்து எழுதிய முதல் பதிப்பு யாருடையது? அப்போது கம்பனியே இல்லையே, தொழில்தருநர் எங்கிருந்து வருவார்? கம்பஸ் நண்பன் ஒருவன் சோற்றுப் பார்சலுக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுத்த பகுதி? இணையத்தில் பிடித்த வெளிநாட்டு ஃபிரீலான்சர்? இவர்கள் எல்லோரிடமும் உரிமை மாற்றப் பத்திரம் வாங்கிவிடுங்கள். எல்லோரும் சிநேகிதமாக இருக்கும்போதே வாங்குங்கள். கம்பனியை விற்கப்போகிறார்கள் என்ற கதை வெளியே வந்த பிறகு அதே கையெழுத்துக்கு விலை ஏறிவிடும்.

கூடவே, எந்தெந்தத் திறந்த மூல மென்பொருளை (யாரும் எடுத்துப் பாவிக்க, எழுதியவரே நிபந்தனையோடு வெளியிட்டது) உள்ளே சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் கேளுங்கள். எம்ஐடி, அப்பாச்சி போன்ற உரிமங்கள் சாது. ஜிபிஎல் அப்படி இல்லை. அந்த உரிமத்தில் வந்த நிரலைக் கலந்து செய்த மென்பொருளை வெளியாருக்கு விநியோகித்தால், மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டிவரும். ஏஜிபிஎல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதைத் திருத்திச் சேர்வரில் ஓடவிட்டு வலையமைப்பு வழியாகச் சேவை கொடுத்தாலும் பாவனையாளருக்கு மூல நிரலைக் கொடுக்கும் கடமை வரலாம். இதைப் பொறியியலாளர்கள் அறிந்திருப்பார்கள், ஆனால் யாராவது கேட்கும்வரை சொல்லமாட்டார்கள்.

ஆங்கிலம். ஒப்பந்த ஆங்கிலம் இலக்கியம் அல்ல. திரும்பத் திரும்ப வருகிற சில நூறு வசனங்கள்தான். அந்தக் கம்பனி இதுவரை கையெழுத்திட்ட பத்து ஒப்பந்தங்களை எடுத்து, ஒவ்வொரு பந்தியையும் வாசித்துவிட்டு, "இதை மறுபக்கத்துச் சட்டத்தரணி வர்த்தக மேல் நீதிமன்றத்தில் எப்படி வளைப்பார்" என்று தமிழில் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வரைவதை மட்டும் பழகியவர்களுக்கு இந்தக் கண் இல்லை. குறுக்கு விசாரணையில் ஒரு வசனம் உடைந்து போவதைப் பார்த்தவருக்குத்தான் அது வரும். பெரிய சட்ட அலுவலகங்களில் இருந்து வரும் அழகான ஆங்கிலத்தைப் பார்த்துக் கூச வேண்டாம். அதில் பாதி யாரோ வேறு நாட்டுக்கு எழுதியதை வெட்டி ஒட்டியது.

அந்த வெட்டி ஒட்டும் பழக்கம் எங்கே கடிக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். முதலீட்டாளர் அமெரிக்காவில் இருந்தால், வேலைக் கடிதத்தின் மாதிரியும் அங்கிருந்தே வரும். "எந்த நேரத்திலும் எந்தக் காரணமும் இன்றி விலக்கலாம்" என்று அதில் இருக்கும். இங்கே அது செல்லாது. பதினைந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அது. அனுமதி கிடைத்தால் நட்டஈடும் ஒரு சூத்திரத்தின்படி கட்ட வேண்டும். உயர் பதவிக்காரர், பெரிய சம்பளக்காரர் என்பதால் மட்டும் ஒருவர் இதற்கு வெளியே போய்விடுவதில்லை. நியூயோர்க்கில் இருந்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு "நாளைக்கு இருபது பேரை எடுத்துவிடுங்கள்" என்று மின்னஞ்சல் வரும்போது, ஏலாது என்று சொல்கிற ஆள் அந்தக் கட்டடத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளருடன் செய்யும் ஒப்பந்தங்களில் முதலில் மூன்று இடத்தைப் பாருங்கள். பொறுப்பின் உச்ச வரம்பு (பிழை நடந்தால் கம்பனி கட்ட வேண்டிய ஆகக் கூடிய தொகை), அந்த வரம்பு பொருந்தாத விதிவிலக்குகள், பிணக்கு எங்கே எந்த நாட்டுச் சட்டத்தில் தீர்க்கப்படும் என்பது. வரம்பு என்று பெரிதாக எழுதி, "தரவுக் கசிவு தவிர" என்று ஒரு சின்ன விதிவிலக்கைப் போட்டுவிட்டால், கம்பனி நடைமுறையில் வரம்பில்லாத பொறுப்பை ஏற்றுவிட்டது என்று அர்த்தம். கையெழுத்திட்டவருக்கு அது தெரியவே தெரியாது.

தரவு என்றவுடன், இங்கே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது ஒரே நாளில் முழுதாக அமுலுக்கு வந்த சட்டம் அல்ல. ஆகவே எந்தப் பகுதி எப்போது தொடங்குகிறது என்பதை வர்த்தமானியில் நீங்களே பாருங்கள், வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். ஐரோப்பிய வாடிக்கையாளர் இருந்தால் அவர்களுடைய ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியும் ஒப்பந்தத்தின் வழியாக உங்கள் மேசைக்கு வரும். 2018 மே முதல் அமுலில் இருக்கும் அதில், கடுமையான மீறலுக்கான தண்டம் 20 மில்லியன் யூரோ அல்லது உலக வருமானத்தின் 4 சதவீதம், இரண்டில் எது பெரிதோ அதுவரை போகலாம். கசிவு தெரிந்தால் கண்காணிப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க வாடிக்கையாளருக்கு இருப்பது பொதுவாக 72 மணித்தியாலம். அதனால் உங்களுக்கு அவர் கொடுக்கும் அவகாசம் அதைவிடக் குறைவாகத்தான் ஒப்பந்தத்தில் இருக்கும். இரவில் கசிவு நடந்தால் யார் உங்களுக்குக் கோல் எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

சரி, இனி "எனக்கு லோயரா" விஷயம்.

உங்கள் கட்சிக்காரர் அவர் அல்ல. கம்பனி. புதுக்கடையில் இந்தக் குழப்பம் உங்களுக்கு வந்திருக்காது. அங்கே புரொக்ஸியில் (தனக்காக வழக்காடச் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தில்) யார் கையெழுத்து வைக்கிறாரோ அவர்தான் கட்சிக்காரர். இங்கே கட்சிக்காரருக்கு வாயும் இல்லை, கையும் இல்லை. அதற்காகக் கதைக்கிறவர், சம்பளம் போடுகிறவர், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறவர் எல்லாம் ஒரே ஆள். பெரும்பாலான நாட்களில் அவருடைய நலனும் கம்பனியின் நலனும் ஒரே திசையில் போகும், நீங்கள் வித்தியாசத்தை உணரவேமாட்டீர்கள். பிரியும் நாளில் உணர்வீர்கள். அந்த நாள் வரும்.

எப்படி வரும் என்று சொல்கிறேன். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 187ஆம் பிரிவு, பணிப்பாளர் நல்லெண்ணத்துடன் கம்பனியின் நலனுக்காக நடக்க வேண்டும் என்கிறது. 220ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. கம்பனியின் தேறிய சொத்து (கடனைக் கழித்து மிஞ்சுவது) அதன் கூறப்பட்ட மூலதனத்தின் (பங்குகளுக்காகக் கம்பனிக்கு வந்த காசின்) பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது என்று தெரியவந்தால், பணிப்பாளர் சபை பங்குதாரர் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். முதலீட்டாளர் காசை எரித்து வளர்கிற ஒரு தொழில்நுட்பக் கம்பனிக்கு இது அபூர்வமான நிலை அல்ல. அடுத்த முதலீடு வருவதற்கு முந்திய மாதங்களில் பலர் அங்கேதான் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் அண்ணாவின் சிநேகிதர் உங்களிடம் வந்து, "இன்னும் ரெண்டு மாசத்தில காசு வந்திடும், இதை இப்ப சபைக்குக் கொண்டுபோக வேண்டாம்" என்பார். கெட்ட மனிதர் என்பதால் அல்ல, நம்பிக்கையால் சொல்வார். அவருக்கு லோயராக இருந்தால் தலையாட்டுவீர்கள். கம்பனிக்கு லோயராக இருந்தால், சபைக்கு எழுத்தில் அறிவிப்பீர்கள்.

இதன் பெரிய உருவத்தை ஊபர் வழக்கில் பார்க்கலாம். 2016இல் அந்தக் கம்பனியின் 5 கோடியே 70 இலட்சம் பாவனையாளர், சாரதிகளுடைய தகவல் களவு போனது. பாதுகாப்புத் தலைவராக இருந்த ஜோ சலிவன் முன்னாள் மத்திய அரச வழக்குத்தொடுநர், அதாவது சட்டம் தெரிந்தவர். களவெடுத்தவர்களுக்கு ஒரு இலட்சம் டொலர் பிட்கொயினில் கொடுத்து, அதைக் குறை கண்டுபிடித்ததற்கான வெகுமதி என்று பதிந்து, இரகசிய உடன்படிக்கையிலும் கையெழுத்து வாங்கினார்கள். முந்திய ஒரு கசிவைப் பற்றி அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அப்போதுதான் விசாரித்துக்கொண்டிருந்தது. புதிய தலைமை வந்து 2017 நவம்பரில் விஷயத்தை வெளியிட்டது. 2022 ஒக்டோபரில் ஜூரிகள் சலிவனைக் குற்றவாளி எனக் கண்டார்கள், 2023இல் மூன்று வருட நன்னடத்தைக் காவல் விதிக்கப்பட்டது. அவருடைய பிரிவுக்கு ஆலோசனை சொல்லிவந்த உள் சட்டத்தரணிக்கு வேலையும் போனது. பிறகு, வழக்குத் தொடரமாட்டோம் என்ற உத்தரவாதத்தின் பேரில் அவர் அரச சாட்சியாக ஏறினார். எனக்கு இந்த வழக்கில் அதிகம் மனதில் நிற்பது இவர்தான். அவரும் ஒரு நாள், உங்களைப்போலவே, ஒரு தொழில்நுட்பக் கம்பனியில் நல்ல வேலை கிடைத்ததென்று சந்தோசப்பட்டிருப்பார்.

கட்சிக்காரரின் இரகசியமும் இதோடு சேர்ந்தது. நமது சாட்சிகள் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு கட்சிக்காரர் சட்டத்தரணிக்குச் சொன்னதைக் காக்கிறது. சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொன்னதைக் காக்காது. ஆனால் அந்தப் பாதுகாப்பு கட்சிக்காரருக்கு உரியது. கம்பனிதான் கட்சிக்காரர் என்றால், நாளைக்கு வேறு ஆட்கள் சபைக்கு வந்து, பழைய சீஈஓ உங்களிடம் சொன்னதை எடுத்துப் பார்க்க நினைத்தால், அவரால் மறிக்க முடியாமல் போகலாம். அமெரிக்காவில் அப்ஜோன் என்ற கம்பனியின் வழக்கில் 1981இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, உள் விசாரணையில் ஓர் ஊழியரோடு கதைக்கத் தொடங்கும்போதே "நான் கம்பனியின் சட்டத்தரணி, உங்களுடையவர் அல்ல" என்று சொல்லிவிடுவது அங்கே வழக்கம். நீங்களும் சொல்லுங்கள். முதல் தரம் அண்ணாவின் சிநேகிதரிடம் சொல்லும்போது வாய் கூசும். ஆனால் சேருவதற்கு முன் ஒரு தேத்தண்ணியோடு சொல்லிவிட்டால், பிறகு ஒரு இக்கட்டில் சொல்ல வேண்டி வராது. அவருக்குத் தனிப்பட்ட பிரச்சினை வந்தால், உதாரணமாக அவருடைய சொந்த வேலை ஒப்பந்தம், பங்குப் பிணக்கு, சபை அவரை விலக்கப் பார்ப்பது, அதற்கு அவர் வெளியில் ஒரு சட்டத்தரணியைப் பிடிக்க வேண்டும். அதிகாரிகளுக்கு மட்டும் ஆலோசனை சொல்லும் தொழில் என்று ஒன்றும் இருக்கிறது, நல்ல தொழில், பின்னாளில் நீங்களே அதைச் செய்யலாம். ஒரே பிணக்கில் இரண்டு பக்கமும் நிற்க மட்டும் முடியாது.

நியமனக் கடிதத்தில் இரண்டு வசனம் கேளுங்கள். தேவையானபோது நேரடியாகப் பணிப்பாளர் சபைக்கு அறிக்கையிடும் உரிமை உங்களுக்கு உண்டு என்பது ஒன்று. சீஈஓ தனியாக முடிவெடுத்து உங்களை விலக்க முடியாது, சபையின் தீர்மானம் வேண்டும் என்பது மற்றது. இதற்கு அவர் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பிலேயே உங்களுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

ஒரு சதவீதப் பங்கைப் பற்றி. வாய்ப்பேச்சுக்கு எவ்வளவு பெறுமதி என்று காசு அறவிடும் வழக்குச் செய்கிறவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தக் கம்பனியின் பங்கு என்று முதலில் கேளுங்கள். இங்கே வேலை நடக்கிற கம்பனி கொழும்பில் பதிந்திருக்கும், ஆனால் முதலீட்டாளரின் காசு போகிற தாய்க் கம்பனி சிங்கப்பூரிலோ அமெரிக்காவின் டெலவெயரிலோ இருக்கலாம். அப்படியானால் கொழும்புக் கம்பனியில் ஒரு சதவீதம் என்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. தாய்க் கம்பனியில் என்றால், இலங்கையில் வசிப்பவர் வெளிநாட்டுக் கம்பனியின் பங்கை எடுப்பதற்கு 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் விதிகள் உண்டு, அவற்றைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். பங்கா, பின்னாளில் பங்கு வாங்கும் உரிமையா? எத்தனை வருடத்தில் முழுதாக உங்களுடையதாகும்? வழமையாக நான்கு வருடம், முதல் வருடம் முடிவதற்குள் வெளியேறினால் ஒன்றும் இல்லை என்று போடுவார்கள். இன்றைய மொத்தப் பங்கில் ஒரு சதவீதமா, அடுத்த முதலீட்டுக்குப் பிறகு உள்ளதில் ஒரு சதவீதமா? உங்களை விலக்கினால் ஏற்கெனவே உங்களுடையதாகிவிட்ட பங்கும் பறிபோகுமா? இவ்வளவுக்கும் பதில் எழுத்தில் வரும்வரை, அந்தப் பங்குக்குப் பெறுமதி பூச்சியம் என்று வைத்துக்கொண்டு சம்பளத்தைக் கதையுங்கள். பங்குக்காகச் சம்பளத்தைக் குறைக்க வேண்டாம். இன்னொன்று, நீங்கள் பங்குக்காரியாகும் நாளில் கம்பனியை விற்பதா இல்லையா என்பதில் உங்களுக்கும் சொந்த நலன் வந்துவிடுகிறது. விற்பனையில் ஆலோசனை சொல்லும்போது அதைச் சபைக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அப்பா சொல்வது முற்றாகப் பிழை இல்லை. கோர்ட்டில் ஜூனியர்களின் வரிசை இருக்கிறது, நீதவான்கள் முகம் பார்த்துப் பழகுகிறார்கள், சீனியர் கொடுக்கும் ஃபைல்கள் இருக்கின்றன. ஐந்து வருடம் போய்த் திரும்பினால் அந்த வரிசையில் உங்கள் இடம் காத்திருக்காது. ஆனால் சட்டத்தரணியாக நீங்கள் செய்த சத்தியமும் உயர் நீதிமன்றத்தில் பதிந்த பெயரும் எங்கும் போய்விடவில்லை. திரும்பி வரும்போது பழைய காணி வழக்குகள் இல்லாவிட்டாலும், தொழில்நுட்ப ஒப்பந்தம் விளங்குகிற சட்டத்தரணியைத் தேடி வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கு வருகிற கட்சிக்காரர்கள் இருப்பார்கள். தமிழில் அதை விளக்கக்கூடியவர்கள் குறைவு. சீனியரிடம் கோபித்துக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான். நொத்தாரிசு வேலையைத் தொடர நினைத்தால், வார இறுதியில் அதைச் செய்ய அனுமதி உண்டு என்று நியமனக் கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலான மாதிரிக் கடிதங்கள் வேறெந்த வேலையையும் தடுக்கும். எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பும் கடமையும் அப்படியே இருக்கும், மென்பொருள் கம்பனியில் வேலை கூடிவிட்டது என்ற சாக்கைப் பதிவாளர் கேட்கமாட்டார்.

கடிதம் கைக்கு வந்ததும் அதை நீங்களே வாசித்து முடிவெடுக்காமல், அண்ணாவுக்கும் சீஈஓவுக்கும் பழக்கமில்லாத ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவருக்கு ஃபீஸையும் கொடுத்துவிடுங்கள்.